ஓலைச்சாவடியின் கிழக்குச் சன்னல்

1971ஆம் வருடம் ஆகஸ்ட் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. மதியம் மூன்று மணிக்குச் சவுரியப்பன் ஓலைச்சாவடியில் வந்து இறங்கினார். கடத்தூர் பஸ் அவரையும், ஒரு டிரங்குப் பெட்டியையும், சுருட்டிக் கட்டிய படுக்கையையும் புளியமரத்தடியில் விட்டுவிட்டுப் போனது. புழுதி அடங்கிய பிறகு அங்கே ஒரு சத்தமும் இல்லை. காக்கை கூடக் கத்தவில்லை.

தபாலாபீஸ் சாலையோரம் தனியாக நின்றது. கருங்கல் சுவர், புதிதாக வேய்ந்த மங்களூர் ஓடு, பச்சைப் பெயிண்ட் அடித்த கதவு, வாசலில் சிவப்புப் பெட்டி. முன்பக்கம் ஆபீஸ், பின்பக்கம் போஸ்ட்மாஸ்டர் குடியிருக்க ஒரு அறையும் சமையலுக்கு ஒரு மூலையும். ஊர் அரை மைல் மேற்கே தள்ளி இருந்தது. கிழக்கே பார்த்தால் மனிதர் யாரும் குடியிராத ஒரு பெரிய வெளி. கம்போ கேழ்வரகோ விதைக்காத, வெறும் மஞ்சம்புல் முளைத்த மேடு. அதற்கப்பால் மலை.

"அது என்ன இடம்?" என்று கேட்டார்.

சாவியோடு காத்திருந்த தபால்காரர் முனியப்பன் அந்தப் பக்கம் திரும்பாமலே பதில் சொன்னார். "தண்டுமேடுங்க சார். அந்தக் காலத்துல மைசூர்க்காரனும் கும்பினிக்காரனும் சண்டை போட்ட எடம். தண்டுன்னா படை, அது எறங்குனதால தண்டுமேடு. ஏர் ஓட்டுனா எலும்பு வருதுன்னு யாரும் ஓட்டறதில்லீங்க."

இந்தக் கட்டடமும் அந்தக் காலத்ததுதான். ரயிலும் பஸ்ஸும் வராத நாளில் தபால் ஓட்டக்காரர்கள் பை மாற்றிக்கொள்ளக் கட்டிய சாவடி. நூறு வருடத்துக்கு மேல் கூரை இடிந்து, ஆடு மேய்ப்பவர்கள் கூட ஒதுங்காமல் கிடந்தது. தருமபுரி தனி மாவட்டமான பிறகு ஊருக்குத் தபாலாபீஸ் கேட்டு எழுதிப்போட்டார்கள். புதுக் கட்டடத்துக்கு இடம் கிடைக்கவில்லை. பழைய சுவர்கள் கெட்டியாக இருந்ததால் இதையே செப்பனிட்டுக் கொடுத்துவிட்டார்கள். அது முடிந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. அதற்குள் சவுரியப்பன் மூன்றாவது போஸ்ட்மாஸ்டர்.

முனியப்பன் கிளம்பும்போது வாசலில் ஒரு நிமிடம் நின்றார்.

"பொழுது சாயறதுக்குள்ள அந்தக் கெழக்குச் சன்னலைச் சாத்திப்போடுங்க சார்."

"ஏன்? பூச்சி வருமா?"

"சாத்திப்போடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு சைக்கிளில் ஏறினார்.

சவுரியப்பனுக்கு வயது நாற்பத்தெட்டு. சொந்த ஊர் கோவிலூர். மனைவி ரெஜினா இறந்து ஆறு வருடம். ஒரே மகன் இன்னாசிமுத்து. எஸ்.எஸ்.எல்.சி.யில் இரண்டு முறை தவறியவனுக்கு, யார் யாரையோ கெஞ்சி இலாகாவில் ஒரு வேலைக்குச் சொல்லி வைத்திருந்தார். எனக்கு அது வேண்டாம் என்றான் அவன். பேச்சு முற்றியது. கன்னத்தில் அறைந்து, "என் மூஞ்சியிலயே முழிக்காத" என்றார். அன்றைக்கே போனவன் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டதாக வேறு யாரோ சொல்லித்தான் தெரிந்தது. இரண்டரை வருடமாக அவனும் எழுதவில்லை, இவரும் எழுதவில்லை. ஊரார் கடிதமெல்லாம் கையில் புரளும் மனிதர், தன் பிள்ளைக்கு ஒரு கார்டு கூடப் போடாமல் இருந்தார். முதலில் கோபம். பிறகு கௌரவம். அதற்கும் பிறகு, இத்தனை நாள் கழித்து எப்படி ஆரம்பிப்பது என்ற கூச்சம்.

மூன்றாம் நாள் சாயங்காலம். ஆபீஸ் மூடி, மேசையில் அன்றைய வேலையை எழுதிக்கொண்டிருந்தார். சூரியன் கட்டடத்துக்குப் பின்னால் இறங்கிவிட்டது. சாவடியின் நிழல் கிழக்கே நீண்டு தண்டுமேட்டைத் தொட்டிருந்தது. சன்னலைச் சாத்த மறந்திருந்தார்.

"காகத பந்தித்யா?"

கன்னடம். கடிதம் வந்திருக்கிறதா என்று கேட்கிற குரல். சவுரியப்பன் ஓசூரில் நாலு வருடம் வேலை பார்த்தவர், கன்னடம் புரியும். தலை நிமிராமல் பதில் சொன்னார். "ஆபீஸ் மூடியாச்சு. நாளைக்கு வாங்க."

பதில் இல்லை. ஒரு வாடை மட்டும் வந்தது. மழையில் நனைந்து பல நாள் காயாத தோலின் வாடை. அதற்கடியில் துருப்பிடித்த இரும்பு.

நிமிர்ந்து பார்த்தார். சன்னலில் யாருமில்லை. எழுந்து போய்க் கம்பிக்கு வெளியே எட்டிப் பார்த்தார். மலை வரைக்கும் வெட்டவெளி. ஒரு ஆள் ஒளிய மரம் இல்லை, புதர் இல்லை.

புல் மட்டும் ஒரு கோடாக அசைந்து அடங்கியது. காற்று இல்லை.

மறுநாள் சன்னலைச் சாத்தினார். பொழுது சாய்ந்ததும் பலகையில் தட்டும் சத்தம். விரல் முட்டியால், மரியாதையாக, இரண்டு தடவை.

"ஜாபு வச்சிந்தா?"

இது தெலுங்கு. வேறு குரல். அதற்கடுத்த நாள் இந்துஸ்தானியில் ஒன்று. "மேரா கத் ஆயா க்யா?" பிறகு ஒரு நாள் தமிழில், தொண்டையில் தண்ணீர் நிற்பதுபோல், "எனக்கு ஓலை உண்டா சாமி?"

எல்லாக் குரலும் கேட்டது ஒரே கேள்விதான்.

முதல் வாரம் சவுரியப்பன் ஜெபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தார். மாற்றல் கேட்டு மனு எழுதினார். எழுதி மேசை டிராயரில் வைத்தார். அனுப்பவில்லை. எந்த ஊருக்குக் கேட்பது? எந்த ஊரில் யார் இருக்கிறார்கள்? இரண்டாவது வாரம், தட்டும் சத்தம் கேட்டபோது, மூடிய சன்னலைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்.

"இல்லைங்க. இன்னிக்கு இல்லை."

வெளியே யாரோ பெருமூச்சு விட்டார்கள். இல்லை என்ற பதிலை ரொம்பக் காலமாகக் கேட்டுப் பழகியவர்களின் மூச்சு. பிறகு புல்லை விலக்கிக்கொண்டு நடக்கும் சத்தம், தூரமாகித் தேய்ந்தது.

அதிலிருந்து தினமும் அப்படித்தான் சொன்னார். பகலெல்லாம் ஸ்டாம்பு, மணியார்டர், முனியப்பனின் இரண்டு வார்த்தை. சாயங்காலத்துக்குப் பிறகு அவரிடம் பேச வேறு யாரும் இல்லை. அதை நினைத்தபோதுதான் அவருக்கு உண்மையில் பயம் வந்தது. தட்டும் சத்தத்துக்காகத் தான் காத்திருக்க ஆரம்பித்துவிட்டோம் என்று தெரிந்தது.

செப்டம்பர் கடைசியில் கடிதங்கள் காணாமல் போயின.

பையிலிருந்து எடுத்து, பிரித்து, மறுநாள் பட்டுவாடாவுக்கு அடுக்கி வைத்ததில் காலையில் ஒன்று குறையும். கதவு பூட்டியபடி இருக்கும். சன்னல் தாழ் உள்ளே போட்டபடி இருக்கும். ஊரிலிருந்து மாதம்மாள் என்ற பெண் வந்து வாசலில் நின்று அழுதாள்.

"எம் மவ தலப்பிரசவத்துக்கு எப்ப வர்றேன்னு எழுதறேன்னு சொல்லியனுப்பினாளுங்க. கடுதாசி போட்டு ஒரு வாரமாச்சாம். அங்க போட்டது இங்க வரலீன்னா எங்கீங்க போவும்?"

சவுரியப்பனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அந்தக் கடிதத்தை அவரே பையிலிருந்து எடுத்திருந்தார்.

இரண்டு நாள் கழித்து முனியப்பன் காலையில் வந்து நாலு கடிதங்களை மேசையில் வைத்தார். காணாமல் போன நாலும்.

"எங்க கெடைச்சது?"

"ஆடு ஒண்ணு தப்பிப் போயிருச்சுன்னு தண்டுமேட்டுக்குப் போனேனுங்க. அங்க ஒவ்வொண்ணு மேலயும் ஒரு கல்லு. காத்துல பறக்காம அழுத்தி வச்சிருக்குதுங்க."

உறைகள் கிழியவில்லை. ஈரத்தில் பசை இளகித் திறந்தது போல் நேர்த்தியாகத் திறந்து, கடிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்து உள்ளே வைத்திருந்தது. எல்லாம் சில்லென்று ஈரமாக இருந்தன.

"படிச்சுட்டு வச்சிருக்காங்க" என்றார் சவுரியப்பன்.

முனியப்பன் மாதம்மாளின் கடிதத்தை வெயிலில் காயவைத்து, உடனே கொண்டுபோய்க் கொடுத்தார். தாமதத்துக்கு என்ன காரணம் சொன்னாரோ, சவுரியப்பன் கேட்கவில்லை.

நவம்பர் மழையில் ஓடு ஒழுகியது. சரிபார்க்கத் தருமபுரியிலிருந்து மேஸ்திரி ஹயாத் பாஷா வந்தார். இந்தக் கட்டடத்தைச் செப்பனிட்டதும் அவர்தான். அறுபதை நெருங்கிய மனிதர், வெள்ளைத் தாடி, சுண்ணாம்பு தின்ற விரல்கள். பகல் முழுக்க ஓடு மாற்றினார். மூன்று மணிக்குத் தேநீர் கொடுத்தபோது, டம்ளரை வாங்கிக்கொண்டு கிழக்குச் சன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார்.

"கேக்கறாங்களா சார்?" என்றார் திடீரென்று.

சவுரியப்பன் தலையாட்டினார்.

மேஸ்திரி டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு சொன்னார். "அந்தச் சன்னலுக்குக் கீழ செவுத்துல ஒரு பொரை இருந்துச்சு சார். கல்லு வச்சு அடைச்சு, பூசி மறைச்சிருந்தாங்க. ஒடைச்சா உள்ள ஒரு தோல் பை. நெறையக் காயிதம். கன்னடம், தெலுங்கு, நம்ம பார்சி எழுத்து, ஓலையில கூடக் கொஞ்சம். சண்டை நடந்தப்ப வந்த தபால் சார் அது. பட்டுவாடா ஆவாத தபால். சாவடிக்காரன் பயந்துபோயி பையச் செவுத்துல வச்சு அடைச்சிட்டு ஓடிட்டான் போல. அடிபட்டவங்க ஊர்ந்து ஊர்ந்து இந்தச் சன்னலுக்கு வந்து கேட்டிருப்பாங்க. உள்ள ஆளே இல்ல."

"அந்தப் பை இப்ப எங்க இருக்கு?"

"காண்ட்ராக்டர் சொன்னார், குப்பையை எதுக்கு வச்சிருக்கீங்கன்னு. நாலு நாளா மழை, வெறகெல்லாம் ஈரம்." மேஸ்திரியின் குரல் இறங்கியது. "தேத்தண்ணி அடுப்புக்குப் பத்த வச்சோம் சார். நான்தான் தீக்குச்சி கிழிச்சேன். அன்னிக்குச் சாயங்காலம் மொத தடவை கேட்டுச்சு. அடுப்புக்குப் பக்கத்துல நின்னு கேட்ட மாதிரி இருந்துச்சு. அதுக்கப்புறம் எனக்குக் கடுதாசி வந்தா என்னால பிரிக்க முடியல சார். கை வரல. என் பொண்ணுதான் பிரிச்சுப் படிக்கிறா."

நாலு மணிக்கு அவர் சாமான்களைக் கட்டிக்கொண்டார். பஸ் ஏறும்போது சொன்னார். "அவங்க கெட்டவங்க இல்ல சார். ஆனா எத்தனையோ வருசமா காத்திருக்கிறவங்களுக்கு எது யாருதுன்னு தெரியாது. கையில கெடைச்சத எடுத்துக்குவாங்க."

டிசம்பர் மூன்றாம் தேதி பாகிஸ்தானோடு சண்டை மூண்டது. பஞ்சாயத்து ரேடியோவைச் சுற்றி ஊரே கூடி நின்றது. சவுரியப்பன் கூட்டத்துக்குப் பின்னால் நின்று கேட்டுவிட்டுத் திரும்பி வருவார். இன்னாசி எந்தப் பக்கம் இருக்கிறான், மேற்கிலா கிழக்கிலா, அது கூட அவருக்குத் தெரியாது. தினமும் பை வந்ததும் கை பரபரக்க மொத்தத்தையும் கொட்டித் தேடினார். தேடி முடித்ததும் ஒரு நாள் தன் வாயே தனக்குச் சொல்வதைக் கேட்டார்.

"இல்லைங்க. இன்னிக்கு இல்லை."

ஒன்பதாம் தேதி பஸ் தாமதம். வழியில் டயர் வெடித்து, ஐந்தே முக்காலுக்குத்தான் பை வந்தது. முனியப்பன் பையைப் போட்டுவிட்டுச் சைக்கிளில் பறந்துவிட்டார். சவுரியப்பன் லாந்தரை ஏற்றி, அரக்கு முத்திரையை உடைத்து, பையைக் கவிழ்த்தார்.

மேலாக விழுந்தது ஒரு ராணுவத் தபால் உறை. பழைய முகவரியை யாரோ அடித்து ஓலைச்சாவடி என்று மாற்றியிருந்தார்கள். அவர் பெயர். இடது பக்கம் சாயும் எழுத்து. அந்தக் கையெழுத்துக்காக எத்தனை தடவை விரலில் ஸ்கேலால் அடித்திருப்பார்.

கையை நீட்டினார்.

சன்னல் பலகையில் இரண்டு தட்டல்.

லாந்தர் அணைந்தது.

அந்த வாடை அறையை நிறைத்தது. இந்தத் தடவை வெளியே இல்லை. உள்ளே. மேசைக்கு எதிர்ப்பக்கம் யாரோ குனிந்ததுபோல் முகத்தில் குளிர் பட்டது. காகிதம் உரசும் சத்தம்.

தீக்குச்சி மூன்று ஒடிந்து நாலாவது பற்றியது. மற்ற கடிதங்கள் எல்லாம் சிதறிக் கிடந்தன. அந்த உறை இல்லை.

சவுரியப்பன் கதவைத் திறந்துகொண்டு ஓடினார். மூன்றரை மாதமாக அவர் கால் வைக்காத இடத்துக்கு, செருப்பில்லாமல், கையில் விளக்கில்லாமல். மேற்கே இன்னும் கொஞ்சம் சிவப்பு மிச்சமிருந்தது. மஞ்சம்புல் இடுப்பளவு உரசியது. மேட்டின் நடுவே வந்ததும் நின்றார்.

அங்கே புல் படுத்திருந்தது. வட்டமாக, பெரிய வட்டமாக. ஐம்பது பேர், நூறு பேர், நெருக்கமாக உட்கார்ந்தால் எப்படிப் படுக்குமோ அப்படி. மனிதர் யாருமில்லை. மூச்சு மட்டும் இருந்தது. நாலாபுறமும் மூச்சு.

நடுவிலிருந்து ஒரு குரல் தட்டுத்தடுமாறிப் படித்துக்கொண்டிருந்தது. தமிழ் எழுத்துப் பழகாத வாய், ஒவ்வொரு எழுத்தாக.

"அப்... பா... வுக்கு... இன்... னா... சி..."

சவுரியப்பன் புல்லில் மண்டியிட்டார்.

"அது என்னுது" என்றார். மறுபடி சொன்னார். "அது எம் புள்ள எழுதினது. எனக்கு எழுதினது."

மூச்செல்லாம் நின்றது.

அவர் காலடியில் ஏதோ விழுந்தது. உறை. எடுத்தார், சில்லிட்டிருந்தது. திரும்பி ஓட நினைத்தார். ஆனால் அவர் தோளுக்குப் பின்னால், காதுக்கு வெகு பக்கத்தில், முதல் நாள் கேட்ட அதே கன்னடக் குரல் கெஞ்சியது.

"ஓது."

படி.

மங்கின வெளிச்சத்தில் கடிதத்தை முகத்துக்கருகே பிடித்துக்கொண்டு அவர் படித்தார். சத்தமாகப் படித்தார்.

"அப்பாவுக்கு இன்னாசி எழுதிக்கொண்டது. நான் சுகம். அன்றைக்கு நான் எதிர்த்துப் பேசியது தப்புத்தான். இங்கே வாரத்தில் இரண்டு நாள் தபால் வரும். அவில்தார் ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். நானும் போய் வரிசையில் நிற்பேன். என் பெயர் வராது என்று தெரியும். ஆனாலும் பை காலியாகிற வரைக்கும் நிற்பேன். நாளைக்கு எங்களை முன்னால் அனுப்புகிறார்கள். ஒரு வரி போதும் அப்பா. திட்டியாவது எழுதுங்கள்."

அவ்வளவுதான். கையெழுத்து. தேதி.

வட்டத்தில் எங்கோ ஒருவர் விசும்பினார். இன்னொருவர். யார் மொழியில் அழுகிறார்கள் என்று பிரித்துச் சொல்ல முடியாத அழுகை. அதில் ஒன்று தன்னுடையது என்று சவுரியப்பனுக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் தெரிந்தது.

அவர் எழுந்து நடந்தபோது புல் இரண்டு பக்கமும் விலகி வழிவிட்டது.

அறைக்கு வந்து லாந்தரை ஏற்றி எழுத உட்கார்ந்தார். எப்படி ஆரம்பிப்பது என்ற கூச்சம் எங்கே போனதென்று தெரியவில்லை. நாலு பக்கம் எழுதினார். அறைந்த கையைப் பற்றி எழுதினார். ரெஜினா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று எழுதினார். முடிக்கும்போது எட்டு மணி. உறையில் போட்டு, முகவரி எழுதி, காலை பஸ்ஸுக்கு அனுப்ப மேசை மேல் வைத்துவிட்டுத் தலைசாய்த்தவர் அப்படியே தூங்கிவிட்டார்.

விடிந்தபோது உறை இல்லை.

தண்டுமேடு முழுக்கத் தேடினார். முனியப்பனும் கூட வந்து தேடினார். ஒவ்வொரு கல்லாகப் புரட்டினார்கள். எங்கும் இல்லை. அவர் மனம் முதல் தடவையாக அவர்கள் மேல் கசந்தது. வேறு கடிதம் எழுதி, தன் கையாலேயே முத்திரை குத்தி, பஸ் கண்டக்டரிடம் பையைக் கொடுத்துவிட்டு, பஸ் வளைவு திரும்புகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றார்.

அன்று சாயங்காலம் சன்னலில் தட்டல் இல்லை. மறுநாளும் இல்லை. சண்டை முடிந்தது. கிறிஸ்துமஸ் வந்து போனது. யாரும் வந்து கேட்கவில்லை. அந்த அமைதி பழைய தட்டலைவிடக் கனமாக இருந்தது.

பிப்ரவரியில் ஒரு நாள் மூன்று மணி பஸ்ஸிலிருந்து ஒற்றைக் கட்டையை ஊன்றிக்கொண்டு ஒருவன் இறங்கினான். இடது காலில் கட்டு. முகம் மெலிந்து, மீசை வளர்ந்து, அவருக்கே ஒரு விநாடி அடையாளம் தெரியவில்லை.

"அப்பா" என்றான்.

சவுரியப்பன் அவன் பெட்டியை வாங்கிக்கொண்டார். உள்ளே போய் அடுப்பைப் பற்ற வைத்தார். சோறு பொங்கும்வரை திரும்பிப் பார்க்காமலே நின்றார். சாப்பிடும்போது, குழம்பை ஊற்றிக்கொண்டே கேட்டார்.

"என் கடுதாசி கிடைச்சுதா?"

"ரெண்டும் கிடைச்சுதுப்பா. ரெண்டாவது ஆஸ்பத்திரியில இருக்கும்போது வந்துச்சு."

அவர் கரண்டி நின்றது. "முதல்ல ஒண்ணா?"

இன்னாசி சட்டைப் பையிலிருந்து எடுத்து வைத்தான். அதே உறை. நாலு பக்கம். ஸ்டாம்பு இல்லை. முத்திரை இல்லை. ஒரு தபாலாபீஸின் கை கூடப் படாத உறை.

"இது உனக்கு என்னிக்குக் கிடைச்சுது?"

"ஒன்பதாம் தேதிப்பா. எட்டரை மணி இருக்கும். நானும் வர்கீஸும் பங்கருக்குள்ள இருந்தோம். வர்கீஸ் கேரளாக்காரன். அநாதை இல்லத்துல வளர்ந்தவன். தபால் வரிசையில எனக்கு முன்னாடி நிப்பான். அவனுக்கு எழுத ஒலகத்துலயே ஆள் இல்ல. அன்னிக்கு வெளிய யாரோ எம் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாங்க. 'இன்னாசிமுத்து, காகத'ன்னு. கன்னடக்காரப் பையன் எவனோன்னு நெனைச்சேன். நான் எந்திரிச்சு வெளிய போறேன், வர்கீஸ் சிரிச்சுக்கிட்டே சொன்னான், 'எனிக்குண்டோன்னு கேட்டு வா'ன்னு. எனக்கும் இருக்கான்னு கேளுன்னு."

இன்னாசி தட்டைத் தள்ளி வைத்தான்.

"கூப்பிட்டவன் தள்ளித் தள்ளிப் போனான். நாப்பது கஜம் போயிருப்பேன். இருட்டுல ஒரு கை மட்டும் நீண்டுச்சு. பனிக்கட்டி மாதிரி. கடுதாசியை வாங்கினேன். உங்க எழுத்துன்னு தடவிப் பாத்தே தெரிஞ்சுது. அப்பத்தான் குண்டு விழுந்துச்சு. திரும்பிப் பாத்தா பங்கர் இல்ல."

சவுரியப்பன் கரண்டியைக் கீழே வைத்தார்.

"நான் கேக்கலப்பா" என்றான். "உங்க எழுத்தைப் பாத்த சந்தோசத்துல மறந்துட்டேன். அவனுக்கு இருக்கான்னு நான் கேக்கவே இல்ல."

சவுரியப்பன் எழுந்து அவன் தலையில் கை வைத்தார்.

வெளியே பொழுது சாய்ந்தது. சாவடியின் நிழல் கிழக்கே நீண்டது.

சன்னல் பலகையில் இரண்டு தட்டல்.

இரண்டு மாதமாக வராத சத்தம். சவுரியப்பனின் கை மகன் தோளை இறுக்கியது. ஆனால் வந்தது கன்னடம் இல்லை. தெலுங்கும் இல்லை. அந்தச் சன்னலில் அதுவரை கேட்டிராத மொழி. இளம் குரல். கொஞ்சம் சிரிப்பு கூட இருந்தது அதில்.

"எனிக்குண்டோ?"

இன்னாசி சன்னல் பக்கம் திரும்பினான். உதடு மட்டும் அசைந்தது.

"வர்கீஸ்."

அன்றிரவு அப்பாவும் மகனும் சேர்ந்து ஒரு கடிதம் எழுதினார்கள். அன்புள்ள மகன் வர்கீஸுக்கு என்று ஆரம்பித்தார் சவுரியப்பன். இன்னாசி சொல்லச் சொல்ல எழுதினார். சில இடத்தில் அவரே சேர்த்துக்கொண்டார். இனி உனக்கு எழுத ஆள் இல்லை என்று நினைக்காதே, இது உன் வீடு என்று முடித்தார். சன்னலைத் திறந்து, கம்பிக்கு உள்பக்கம் இருந்த கல் விளிம்பின் மேல் அதை வைத்துவிட்டு இருவரும் பின்னறையில் படுத்தார்கள்.

காலையில் கடிதம் இல்லை.

சவுரியப்பன் வெளியே போய்ப் பார்த்தார். பனி இறங்கிய மண்ணில் பூட்ஸ் தடங்கள். தண்டுமேட்டிலிருந்து நேராகச் சன்னலுக்கு வந்திருந்தன. திரும்பிப் போன தடம் ஒன்று கூட இல்லை.

அவர் மெதுவாக உள்ளே வந்தார். சன்னலில் கம்பிகள் அப்படியே இருந்தன, கதவுத் தாழை அப்போதுதான் அவரே திறந்திருந்தார். ஆபீஸ் தரையில், சன்னலுக்கு இந்தப் பக்கம், அதே பூட்ஸ் தடம் ஈரமாகத் தொடங்கி, மேசையைச் சுற்றி, பின்னறைக்குள் போனது.

இன்னாசி இன்னும் தூங்கிக்கொண்டிருந்தான். அவன் கட்டிலின் கால்மாட்டில் இடதும் வலதுமாக இரண்டு தடங்கள் அருகருகே நின்றன, இன்னும் காயாமல்.